ஒரு சைக்கிளுக்கு இடம்

நல்லூரில் கொடி ஏறினால் எங்கள் வீட்டு முற்றம் எங்களுடையதாக இராது. அடுத்த 25 நாளும் அது சைக்கிள்களுக்குச் சொந்தம். கோயிலைச் சுற்றியுள்ள றோட்டுகளை வாகனங்களுக்கு மறித்துவிடுவார்கள். சனம் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் எங்காவது விட்டுவிட்டுத்தானே நடக்கவேண்டும்? அயலிலுள்ள வளவுகள் எல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள் ஆகிவிடும். எங்கள் படலையிலும் அப்பா ஒரு மட்டை எழுதித் தொங்கவிடுவார். சோப்புப் பெட்டி மட்டையில் இலக்கம் எழுதி, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹாண்டிலில் கட்டி மற்றப் பாதியைச் சொந்தக்காரரிடம் கொடுப்பது என் வேலை. அந்தக் காசில்தான் எங்கள் கொப்பி, சப்பாத்து எல்லாம்.

ஆனால் அப்பாவிடம் ஒரு விசர்ப் பழக்கம் இருந்தது. கிணற்றடியில், மாமரத்துக்குக் கீழே, நாலைந்து சைக்கிள் விடக்கூடிய இடத்தை வெறுமையாகவே வைத்திருப்பார். தேர் அன்று இரட்டிப்புக் காசு தருகிறோம் என்று கெஞ்சினாலும் அசையமாட்டார். “உது வீட்டுக்கு வாறவைக்கு” என்பார். தேர் அன்று யார் வீட்டுக்கு வரப்போகிறார்கள்? சில வருடங்களில் ஒருவரும் வருவதில்லை. எனக்கு உள்ளுக்குள் கணக்கு ஓடும். ஐந்து சைக்கிள், ஒரு நாளில் மூன்று தரம் மாறினால் எவ்வளவு, 25 நாளுக்கும் எவ்வளவு. அந்தக் கணக்கை அப்பாவுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கணக்கு முப்பத்திநாலு வயதில், லண்டனில், வெம்பிளியில் எனக்குத் திரும்பி வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டுக் குசினி யன்னலால் பார்த்தால் ஸ்ரேடியத்தின் வளைவு தெரியும். 133 மீற்றர் உயரம் என்கிறார்கள். பின்னேரங்களில் வெளிச்சம் போட்டால் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். பழைய ஸ்ரேடியத்தை இடித்துவிட்டு 2007ல் திறந்த புதிய ஸ்ரேடியம் இது. 90,000 பேர் இருக்கலாம். நாங்கள் இருப்பதோ அதிலிருந்து இருபது நிமிச நடை தூரத்தில், ஹை றோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னத் தெருவில். ஒரு வீட்டில் ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிறோம். ஆளுக்கொரு அறை, எல்லாருக்கும் ஒரு குசினி.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை என் கேஸ் பேப்பரில் விளக்கமாக எழுதியாயிற்று, இங்கே திரும்ப எழுத விருப்பமில்லை. ஆனாலும் படித்த பழக்கம் விடாது. ஓரிடத்தில் ஏன் கார் நிற்க இடமில்லை என்று கேட்டால், அந்த இடம் எப்போது எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்ப்பேன்.

வெம்பிளியில் முதல் ஸ்ரேடியம் 1923ல் கட்டப்பட்டது. அந்த வருடம் ஏப்ரல் 28ந் திகதி நடந்த முதல் இறுதியாட்டத்துக்கு ஏறத்தாழ 127,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் சனம் வந்து மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். குதிரைப் பொலிஸ் வந்துதான் சனத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது. அந்த வெள்ளைக் குதிரையின் பெயரால்தான் இன்றும் அந்த ஆட்டத்தைச் சொல்கிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் றெயிலிலும் நடந்தும் வந்தவர்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடந்தது. அதில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. எங்கள் நாடு எங்களுக்கு முன்னரே வெம்பிளிக்கு வந்துவிட்டது என்று நான் பெடியளுக்குப் பகிடியாகச் சொல்வதுண்டு. எங்கள் தெருவைப் போன்ற தெருக்கள் அதையொட்டிய காலத்தில், றெயிலை நம்பிக் கட்டப்பட்டவை. வீட்டுக்கு ஒரு கார் என்பதே அன்று பெரிய விசயம். இன்று ஒரு வீட்டில் மூன்று குடும்பமும் மூன்று காரும். தெரு மட்டும் அகலவில்லை.

புதிய ஸ்ரேடியமும் றெயிலை நம்பித்தான் கட்டப்பட்டது. மூன்று ஸ்ரேசன்கள் நடை தூரத்தில் இருக்கின்றன. காருக்கென்று ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. ஆனாலும் காரில் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 90,000 பேரில் பத்தில் ஒருவர் காரில் வந்தாலும் எங்கள் தெருக்கள் தாங்காது. அதனால் மச் நாள் என்றால் சுற்றியுள்ள தெருக்களில் நள்ளிரவு வரை பேர்மிற் உள்ளவர்கள் மாத்திரமே காரை நிறுத்தலாம். இந்தச் சட்டம் எங்களுக்காகத்தான் போடப்பட்டது. அது இல்லாவிட்டால் வேலையால் வரும் மனிதன் தன் வீட்டு வாசலில் காரை விட முடியாது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் சட்டம் போட்டவர்கள் குடியிருப்பவரை நினைத்தார்கள், பந்தாட்டம் பார்க்க வருபவரை நினைத்தார்கள். குடியிருப்பவரைப் பார்க்க வருபவர் என்று மூன்றாம் சாதி ஒன்று இருக்கிறது. அவருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. விருந்தாளிக்கென்று பேர்மிற் உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கவேண்டும். கலியாணம், பிறந்தநாள் என்றால் சரி. திகதி தெரிந்த விசயங்கள். மற்றதற்குத் திகதி யாருக்குத் தெரியும்?

எங்கள் ஆக்கள் சிலர் பேர்மிற் என்ற சொல்லைக் கேட்டதும் “ஊரிலை ஆமியின்ரை பாஸ், இஞ்சை கவுன்சிலின்ரை பாஸ்” என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையை மூடியபோது எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற ஆமியின் அனுமதிக்காகச் சனம் வெய்யிலில் காத்து நின்றதைக் கண்டவன். அது வேறு, இது வேறு. இங்கே பேர்மிற் இல்லாவிட்டால் காசு போகும், அவ்வளவுதான். காசு போவதற்கும் ஆள் போவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்போல நாங்கள் கதைக்கக்கூடாது.

நான் ஈலிங் றோட்டில் ஒரு தமிழ் றெஸ்ரோறன்றில் வேலை செய்கிறேன். கொத்துறொட்டி, றோல்ஸ், சனி ஞாயிறு என்றால் ஆட்டுக்கறியும் புட்டும். பந்தாட்டம் என்றால் கடையில் வியாபாரம் கூடும் என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. எங்கள் வாடிக்கையாளர்கள் ஹறோவிலிருந்தும் சவுத்ஹோலிலிருந்தும் காரில் குடும்பமாக வருபவர்கள். மச் நாள் என்றால் அவர்கள் இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள். பந்தாட்டம் பார்க்க வரும் சனத்துக்கு வேண்டியது பியரும் பேர்கரும். ஆகவே முதலாளி மச் நாளில் என்னைப்போல இரண்டு பேரை நிற்பாட்டிவிடுவார். அந்த நாள் சம்பளம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு முன்னால் சீமெந்து போட்ட றைவ்வே ஒன்று இருக்கிறது. இரண்டு கார் விடலாம். ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கார், அவர் அதைப் பேர்மிற்றோடு தெருவில் விடுவார். றைவ்வே தனியார் காணி, அங்கே கவுன்சிலின் சட்டம் வராது. வீட்டுக்கார அண்ணை ஒரு நாள் வந்தவர், “தம்பி, மச் நாளிலை நீ சும்மாதானே நிக்கிறாய். உதை வாடகைக்கு விடு. அரைவாசி உனக்கு, அரைவாசி எனக்கு” என்றார். இந்தப் பகுதியில் எத்தனையோ வீட்டார் செய்வதுதான். காட்போட் மட்டையில் பெரிய எழுத்தில் பார்க்கிங் 25 பவுண் என்று எழுதி வாசலில் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்கும்போது சிரிப்பு வந்தது. அப்பாவின் மட்டை, என் கையில், இங்கிலீசில்.

இதை ரெலிபோனில் அப்பாவுக்குச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். பிறகு, “எத்தினை கார் விடலாம்?” என்று கேட்டார். இரண்டு என்றேன். “எத்தினையை விடுறாய்?” என்றார். இரண்டையும் என்றேன். “ம்” என்று மட்டும் சொன்னார்.

2023 யூன் 3, சனிக்கிழமை. மான்செஸ்ரரின் இரண்டு கழகங்களும் எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் முதல் தடவையாக ஒன்றையொன்று சந்தித்த நாள். அன்றைக்கென்று பார்த்து றெயில் சாரதிகள் வேலைநிறுத்தம். மான்செஸ்ரரிலிருந்து நேரடி றெயில் இல்லை. வழக்கமாக றெயிலில் வருகிறவர்களும் பஸ்ஸிலும் காரிலும் வந்து இறங்கினார்கள். காலை பத்து மணிக்கே தெருக்களில் இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு முன் என் இரண்டு இடமும் முடிந்தது. ஒன்றில் சிவப்புச் சட்டை போட்ட தகப்பனும் மகனும். மற்றதில் நீலச் சட்டைக்காரர் மூன்று பேர். “ஆட்டம் முடிந்துதான் வருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐம்பது பவுணையும் பொக்கற்றில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன்.

பதினொன்றே முக்காலுக்கு தம்பியின் ரெலிபோன் வந்தது. ஊரில் அப்போது பின்னேரம் நாலேகால். அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. நான் போகமுடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். என்னிடம் இருக்கும் அகதிப் பயணப் பத்திரத்தால் இலங்கைக்குப் போகமுடியாது. ஊரில் செத்தவீடு ஒன்று நடக்கும். இங்கே என் பத்தடி அறையில் இன்னொன்று நடக்கும். இந்த மாதிரிச் செத்தவீடுகள் எங்கள் ஆட்களுக்குப் பழக்கமானவை. பிரேதம் இராது. ஆட்கள் வருவார்கள், சாப்பாடு கொண்டுவருவார்கள், கொஞ்சநேரம் இருப்பார்கள், எழும்பிப் போவார்கள். ஆட்கள் வருவதுதான் செத்தவீடு. அது ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியிருப்பது.

ஆட்கள் வெளிக்கிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ரெலிபோன் வரத் தொடங்கியது. “தம்பி, உங்கை கிட்ட எங்கையும் விடலாமோ?” ஒருவர் அடுத்த பகுதியில் ஒரு கடைக் கார்ப் பார்க்கில் விட்டுவிட்டு பஸ் எடுத்தார். பஸ்ஸை வேறு பாதையால் திருப்பிவிட்டார்கள், ஒரு மணித்தியாலம் நடந்து வியர்த்து வந்து சேர்ந்தார். இரண்டு பேர் பாதி வழியில் திரும்பி, இரவு வருகிறோம் என்றார்கள். அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர், எழுபது வயதுக்கு மேல், மகனின் காரில் வந்தவர். தெருவை மூன்று தரம் சுற்றிவிட்டு ரெலிபோன் எடுத்தார். “தம்பி, வாசலாலை போய்க்கொண்டிருக்கிறம், நிப்பாட்டேலாமல் கிடக்கு.” நான் வெளியே ஓடினேன். கார் மெதுவாகிறது. யன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். “உன்ரை கொப்பர்...” என்று தொடங்கினார். பின்னால் ஹோர்ன். கார் நகர்ந்தது, நான் கூடவே நாலு அடி நடந்தேன், கை விடுபட்டது. அவர் சொல்ல வந்ததை இன்றுவரை கேட்கவில்லை. அவருக்கும் அடுத்த மாரியில் சுகமில்லாமல் போய்விட்டது.

இவ்வளவும் நடந்தபோது என் றைவ்வேயில் இரண்டு கார்கள் அசையாமல் நின்றன.

சின்னமாமி ஒன்றரை மணிபோல வந்தார். முழங்கால் வருத்தக்காரி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் மரக்கறியும் பெரிய சட்டியில் கட்டிக்கொண்டு தானே காரை ஓட்டி வந்திருக்கிறார். எங்கும் இடம் கிடைக்காமல் மூன்று தெரு தள்ளி விட்டுவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கார்களைப் பார்த்தார்.

“தம்பி, உந்த ரெண்டு காரும் ஆற்றை?”

“வீட்டுக்கார அண்ணையின்ரை ஆக்கள் விட்டிட்டுப் போட்டினம், மாமி” என்றேன்.

“செத்தவீடெண்டு சொன்னால் எடுக்கமாட்டினமோ?”

“அவையள் இப்ப வரமாட்டினம்” என்றேன். அது மட்டும் உண்மை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கிய கையோடு ஸ்ரேடியம் பக்கமிருந்து ஒரு பெரிய இரைச்சல் எழும்பியது. தொடங்கி 12 செக்கனில் ஒரு கோல் விழுந்ததாம், அந்தக் கிண்ண இறுதியாட்டத்தின் சரித்திரத்திலேயே அதுதான் விரைவான கோல் என்று பிறகு அறிந்தேன். அறைக்குள் நாலு பேர் கட்டிலிலும் நிலத்திலுமாக இருந்தோம். மாமி திடுக்கிட்டு யன்னலைப் பார்த்தார். “ஆரோ சந்தோசமாய் இருக்கினம்” என்று மட்டும் சொன்னார். கோபமில்லை அவர் குரலில்.

அரை மணித்தியாலத்தில் போய்விடுவேன் என்று வந்தவர் இரண்டு மணித்தியாலம் இருந்தார். காரடிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கண்ணாடியில் ரிக்கற் ஒட்டியிருந்தது. வார்டன் தெருவின் முனையில் இன்னொரு காருக்கு எழுதிக்கொண்டு நின்றான். ஓடிப்போய்ச் சொன்னேன். எந்த நாட்டவனோ, அவனும் எங்களைப்போல வந்தவன்தான். தலையைக் குனிந்து கேட்டான். “எழுதினதை நான் அழிக்கேலாது, நீங்கள் கடிதம் போடுங்கோ” என்ற கருத்தில் சொன்னான். அவன் பிழையில்லை. முனையில் பலகை தெளிவாக இருந்தது. முதலில் கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதலாம், பிறகு இன்னொரு தரம் எழுதலாம், அதற்கும் சரிவராவிட்டால் சுயாதீனமான நியாயசபை ஒன்று இருக்கிறது. 14 நாளுக்குள் கட்டினால் பாதிக் காசு. எனக்கு எல்லாம் தெரியும், கடையில் வருகிறவர்களுக்கு இப்படிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாமி கேட்கவில்லை. “உன்ரை கொப்பர் செத்ததைக் காட்டி நான் காசு மிச்சம் பிடிக்கிறதோ?” என்றார். பொக்கற்றில் அந்த ஐம்பது பவுண் இருந்தது. எடுத்து நீட்டினேன். “செத்தவீட்டுக்குப் போன செலவை ஆரும் திருப்பி வாங்கிறதோ? உள்ளை போ” என்று கையைத் தட்டிவிட்டார். அன்றிரவே மகனைக்கொண்டு கட்டிவிட்டார்.

ஆறு மணிக்குச் சிவப்புச் சட்டைக்காரரும் மகனும் வந்தார்கள். அவர்கள் தோற்றுவிட்டார்கள், இரண்டுக்கு ஒன்று. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்து, “உள்ளே விருந்தா?” என்று கேட்டார். என் தகப்பன் இன்று இறந்துவிட்டார் என்றேன். அந்த மனிதர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “காலையில் எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே, வேறு எங்காவது பார்த்திருப்போமே” என்றார். காலையில் எனக்கே தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அது முழு மறுமொழியும் இல்லை.

அடுத்தநாள் விடிய, தம்பி ரெலிபோனில் செத்தவீட்டைக் காட்டினான். பறை கேட்டது. அப்பாவைக் காட்டினான். பிறகு, தெரியாத்தனமாகவோ தெரிந்தோ, ரெலிபோனை முற்றத்துப் பக்கம் திருப்பினான். வேலி முழுக்கச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சாய்த்துக் கிடந்தன. படலைக்கு வெளியேயும் நின்றன. மாமரத்துக்குக் கீழே, கிணற்றடியில், அந்த இடத்தில், ஒன்றோடொன்று கொழுவி ஏழெட்டுச் சைக்கிள். ஒன்றிலும் மட்டை கட்டியிருக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்குமுன் படம் நின்றுவிட்டது.

இப்போதும் றைவ்வேயை வாடகைக்கு விடுகிறேன். விடாமல் இருக்க எனக்கு வசதியில்லை. முதலாளி இன்னும் மச் நாளில் நிற்பாட்டுகிறார். ஆனால் ஒரு காருக்குத்தான் விடுவது. மற்ற இடத்துக்குரிய பங்கு பன்னிரண்டரைப் பவுணை வீட்டுக்கார அண்ணைக்கு என் கையிலிருந்து கொடுத்துவிடுகிறேன். அவர் என்னை விசரன் என்றுதான் நினைக்கிறார். 2024ல் ரெய்லர் ஸ்விப்ற் என்ற பாடகி எட்டு இரவு பாடினார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் அந்த ஓரிடத்தைக் காட்டி, எவ்வளவு என்றாலும் தருகிறோம் என்று கேட்டார்கள். ஆள் வரவிருக்கிறது என்று சொன்னேன். அந்த எட்டு இரவும் ஒருவரும் வரவில்லை. கணக்கு ஓடத்தான் செய்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னமாமி இந்தச் சஞ்சிகையை விடாமல் வாசிப்பவர். முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை வாசித்துவிட்டு எழுத்துப்பிழைகளையும் சொல்லுவார். மாமி, அந்த இரண்டு காரும் வீட்டுக்கார அண்ணையின்ரை ஆக்களின்ரை இல்லை. நான்தான் காசு வாங்கிக்கொண்டு விட்டது. முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் இவ்வளவு காலம் போய்விட்டது.

மச் நாளிலும் வாருங்கோ. ஒரு இடம் கிடக்கு.